கடலுக்கு டோக்கன் தெரியாது

என் தாய்மாமன் மண்டபம் என்ற கடலோர ஊரில் ஐஸ் கம்பெனி நடத்துகிறார். பெரிய தொட்டியில் இருக்கும் உப்புநீரை அம்மோனியாவின் துணையால் குளிரவைத்து, நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை அதில் இறக்கி ஐஸ் பார்களாக உறையவைப்பதுதான் அங்கு நடக்கும் வேலை. உப்புநீர் மைனஸ் பத்து டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். அது சற்று ஏறினாலும் பாரின் நடுப்பகுதி உறையாமல் நின்றுவிடும். எங்கள் பகுதியில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களும், நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாள்களும் கடலுக்குப் போவது என்று ஏற்பாடு இருப்பதால், ஐஸுக்கான தேவையும் அந்த மூன்று நாள்களை ஒட்டியே குவிகிறது. அதற்கு முந்தைய இரவில் தொட்டியின் வெப்பநிலை ஏறியது தெரியாமல் போனால், விடியும்போது படகுக்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கம்பெனியில் பழுதுபார்க்கும் வேலைகள் மட்டுமே நடக்கும். அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் தொட்டியின் வெப்பநிலையையும் கம்ப்ரசரின் அழுத்தத்தையும் ஒரு திரையில் காட்டும் ஏற்பாட்டைச் செய்துதரும்படி மாமா கேட்டார். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி, மூன்று நிரல்களை எழுதினேன். ஒன்று சென்சார்களை நொடிக்கொரு முறை படிப்பது, இன்னொன்று திரையில் காட்டுவது, மூன்றாவது பதிவேடு எழுதுவது. மூன்றையும் ஒரே நிரலாக எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். கடலோரத்து உப்புக்காற்றில் சென்சார் கம்பியின் முனைகள் துருப்பிடித்து, படிக்கும் நிரல் பதிலுக்காகக் காத்துத் தொங்கிவிடுவது இங்கே வாடிக்கை. அது தொங்கும்போது திரையும் சேர்ந்து உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அவற்றைத் தனித்தனி பிராசஸ்களாக, அதாவது ஒன்றையொன்று சாராமல் ஓடும் நிரல்களாக, பிரித்தேன். பிரித்த மறுகணமே அடுத்த கேள்வி எழுந்தது: ஒன்று அறிந்ததை மற்ற இரண்டும் எப்படி அறிவது? அதற்கு விடையாக அமைந்த பகிர்ந்த நினைவகத்தின் கதைதான் இது.

முதலில் எஸ்டி கார்டில் ஒரு கோப்பை வைத்து, அதை நொடிக்கொரு முறை திருத்தி எழுதினேன். திரை நிரல் சில வேளைகளில் பாதி எழுதப்பட்ட கோப்பைப் படித்துவிட்டது. அதோடு, எழுதி எழுதியே தேய்ந்துபோகும் பொருளான எஸ்டி கார்டின் ஆயுளையும் நான் வீணாகக் குறைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பிராசஸ் எழுதுவதை மற்றொன்றிடம் வரிசையாகக் கொண்டுசேர்க்கும் பைப் வழியாக அனுப்பலாம் என்று அடுத்ததாக எண்ணினேன். அந்தக் கணினியின் இயங்குதளமான லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட்டுகளைத் தாங்கும். படிப்பவர் தாமதித்து அது நிரம்பிவிட்டால் எழுதுபவர் நின்று காத்திருக்க வேண்டும். திரை மெதுவாக ஓடுவதற்காகச் சென்சார் படிப்பு நிற்பதை ஏற்க முடியாது. மேலும் பைப் என்பது வரிசையாக வரும் செய்திகளுக்கானது. எங்களுக்கோ இந்த நொடியில் தொட்டி எப்படி இருக்கிறது என்ற ஒரே ஒரு நிலவரம் போதும். பழைய செய்திகளின் வரிசை வேண்டாம். எப்போது வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகக்கூடிய ஒரு கரும்பலகை வேண்டும். பகிர்ந்த நினைவகம் அதற்கென்றே அமைந்தது.

அது எப்படி நடக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாச் சிக்கல்களும் இதில்தான் வேர்விட்டிருக்கின்றன. ஒவ்வொரு பிராசஸும் தனக்கு மட்டுமே உரிய ஒரு முகவரி வெளியில் ஓடுகிறது. அது சொல்லும் முகவரிகள் உண்மையான ராம் சில்லின் முகவரிகள் அல்ல. நினைவகம் பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட்டுகள். பிராசஸின் முகவரியை உண்மையான பக்கத்தோடு இணைக்கும் அட்டவணை ஒன்றை ஒவ்வொரு பிராசஸுக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் தனியாக வைத்திருக்கிறது. ஒரு பிராசஸ் மற்றொன்றின் நினைவகத்தைத் தொட முடியாமல் இருப்பதற்குக் காரணம், அதன் அட்டவணையில் மற்றதன் பக்கங்களுக்கு வழியே இல்லை என்பதுதான். நினைவகத்தைப் பகிர்வதென்றால், இரண்டு அட்டவணைகளிலும் ஒரே உண்மைப் பக்கத்துக்கு வழி எழுதிவைப்பது. அதன் பிறகு எதுவும் நகலெடுக்கப்படுவதில்லை, கெர்னலைக் கூப்பிட வேண்டியதும் இல்லை. ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணெதிரே இருக்கும்.

ஆனால் இருவரும் அந்தப் பக்கத்தை ஒரே முகவரியில் காண்பார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. பாக் நீரிணைக் கடல் மண்டபத்தில் நிற்பவருக்கு வடக்கே இருக்கிறது. அதே கடல் தொண்டியில் நிற்பவருக்குக் கிழக்கே இருக்கிறது. "கரையிலிருந்து வடக்கே போனால் கடல்" என்று மண்டபத்துக்காரர் எழுதிவைத்த குறிப்பைத் தொண்டிக்காரர் நம்பி நடந்தால், கரையோரமாகவே நடந்து வேறு ஊர் போய்ச் சேருவார். பகிர்ந்த நினைவகத்துக்குள் பாயின்டரை, அதாவது நினைவக முகவரியை, எழுதிவைப்பதும் இதே பிழைதான். எழுதியவரின் முகவரி படிப்பவரிடம் பொருளற்றது. நல்வாய்ப்பாக நிரல் உடனே விழுந்துவிடும், இல்லையென்றால் வேறெதையோ படித்து அதை உண்மை என்று காட்டும். எனவே உள்ளே எதைச் சுட்ட வேண்டியிருந்தாலும், பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தொலைவு என்று மட்டுமே எழுத வேண்டும்.

செய்முறை எளியது. எஸ்.எச்.எம். ஓப்பன் என்ற அழைப்பால் ஒரு பெயரில் நினைவகப் பொருளைத் திறந்து, எஃப்ட்ரங்கேட் என்ற அழைப்பால் அதன் அளவை நிறுவி, எம்மேப் என்ற அழைப்பால் நம் முகவரி வெளிக்குள் இணைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் உள்ள படியை மறந்தால் பொருளின் அளவு சுழியமாகவே இருக்கும். இணைப்பு வெற்றி பெற்றதாகத் தெரிந்தாலும், முதல்முறை தொட்டவுடன் சிக்பஸ் என்ற சமிக்ஞையால் நிரல் கொல்லப்படும். இந்த முறை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸில், 1993ஆம் ஆண்டின் நிகழ்நேரத் தரத்தில் வந்தது. அதற்கு முன்பிருந்தே சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் எஸ்.எச்.எம். கெட் முறை புழக்கத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் பெயருக்குப் பதிலாக எண் சாவி. புதிதாக எழுதுபவர்களுக்குப் போசிக்ஸ் முறையையே பரிந்துரைப்பேன். லினக்ஸில் அந்தப் பொருள்கள் டெவ் அடைவுக்குள் இருக்கும் எஸ்.எச்.எம். என்ற கோப்புறையில் சாதாரணக் கோப்புகளாகக் கண்ணுக்குத் தெரிவதே, பிழை தேடும்போது பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. அந்தக் கோப்புறை ராமில் வாழ்வதால் எஸ்டி கார்டும் தேய்வதில்லை.

எங்கள் நிலவரம் முழுவதும் இருநூறு பைட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனாலும் ஒரு முழுப் பக்கம் செலவாகும், அதைவிடச் சிறிதாகப் பகிர முடியாது. பக்க அளவு 4,096 என்று நிரலில் எழுதிவைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை 5 தன் வழக்கமான கெர்னலில் 16 கிலோபைட் பக்கங்களைப் பயன்படுத்துகிறது. கெர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே சரி.

முதல் பதிப்பில் பூட்டு எதுவும் வைக்கவில்லை. எழுதுபவர் வெப்பநிலையை எழுதிவிட்டு ஓர் எண்ணை ஒன்றால் கூட்டுவார். எண் மாறியதைக் கண்ட பிறகு படிப்பவர் வெப்பநிலையைப் படிப்பார். வீட்டில் என் மடிக்கணினியில் இரவு முழுவதும் ஓடவிட்டுச் சோதித்தேன். எழுதுபவர் மதிப்பிலும் எண்ணிலும் ஒரே தொகையை அடுத்தடுத்து இடைவிடாமல் எழுத வேண்டும். படிப்பவர் முதலில் எண்ணையும் பிறகு மதிப்பையும் பார்க்க வேண்டும். மதிப்பு எண்ணைவிடச் சிறியதாக இருக்கவே கூடாது. மடிக்கணினியில் ஒருமுறைகூடப் பிசகவில்லை. அதே நிரலை ஐஸ் கம்பெனியில் ராஸ்பெர்ரி பையில் ஓட்டியபோது, சில நிமிடங்களிலேயே புதிய எண்ணும் பழைய மதிப்பும் சேர்ந்து வரத் தொடங்கின.

நிரலின் தருக்கத்தில் பிழை தேடி இரண்டு நாள்களைக் கழித்தேன். பிழை வேறிடத்தில் இருந்தது. மடிக்கணினியின் எக்ஸ்86 செயலி (ப்ராசசர்), ஒரு கோர் (செயலிக்குள் தனித்து இயங்கும் அலகு) எழுதியவற்றை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குக் காட்டும் கட்டுப்பாடு உடையது. ராஸ்பெர்ரி பை 4-இல் இருக்கும் ஏஆர்எம் வகைக் கோர்ட்டெக்ஸ் ஏ72 செயலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தொடர்பற்ற இரண்டு இடங்களில் எழுதியவை எந்த வரிசையிலும் மற்றவருக்குத் தெரியலாம். படிப்பவரின் கோரும் தன் படிப்புகளை முன்பின்னாகச் செய்துகொள்ளலாம். நான் மாறிகளை வாலடைல் என்று அறிவித்திருந்தேன். அது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை மட்டுமே கட்டுப்படுத்தும், செயலியைக் கட்டுப்படுத்தாது. 2011ஆம் ஆண்டின் சி மொழித் தரத்தில் வந்த அணு மாறிகளைக் கொண்டு, எண்ணை எழுதும்போது ரிலீஸ் (இதற்கு முன் எழுதியவை முதலில் தெரியட்டும்) என்றும் படிக்கும்போது அக்வயர் (இதற்குப் பின் வருபவற்றைப் பிறகே படி) என்றும் குறிப்பிட்ட பிறகே வரிசை காக்கப்பட்டது. இரண்டு பிராசஸ்களும் இரண்டு வேறு கோர்களில் ஓடுகின்றன என்பதையும், ஒன்று எழுதியது மற்றொன்றுக்கு எப்போது தெரியும் என்பதற்கு நாம் கேட்டால் ஒழிய உத்தரவாதம் இல்லை என்பதையும் அந்த இரண்டு நாள்களில்தான் நான் உண்மையாக உணர்ந்தேன்.

வரிசை சரியானாலும், படிப்பவர் பாதி படித்திருக்கும்போது எழுதுபவர் அடுத்த நிலவரத்தை எழுதத் தொடங்கினால் இரண்டு நொடிகள் ஒன்றாகக் கலந்துவிடும். அதைத் தடுக்க, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய மியூட்டெக்ஸ் பூட்டை அந்தப் பகிர்ந்த நினைவகத்துக்குள்ளேயே வைத்தேன். பூட்டை அமைக்கும்போது அது பிராசஸ்களுக்கு இடையே பகிரப்படும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒரே பிராசஸின் இழைகளுக்கு (அதற்குள் ஒருசேர ஓடும் பணிகளுக்கு) மட்டுமே அது உரியது.

பூட்டு என்ற சொல்லே தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது என் கருத்து. பாம்பன் பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பலுக்காகத் தூக்கிவிட்டால் அங்கே தண்டவாளமே இருக்காது. ரயில் நினைத்தாலும் போக முடியாது. மியூட்டெக்ஸ் அப்படிப்பட்டதல்ல. எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறையிடம் வாங்கும் டோக்கனைப் போன்றது அது. டோக்கன் இருக்கிறதா என்று கடல் கேட்பதில்லை. வாங்காமல் இறங்கும் படகையும் கடல் தாங்கிக்கொண்டு போகும். மற்றவரின் வலை அறுபடும்போதுதான் மீறல் தெரியவரும். பகிர்ந்த பக்கத்தில் எழுதும் உரிமை உள்ள எந்தப் பிராசஸும் பூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதிவிட முடியும், கெர்னல் தடுக்காது. ஆகவே படிப்பவர்கள் இருவருக்கும் படிப்பு உரிமையோடு மட்டும் இணைப்புக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். பூட்டைப் பிடிப்பதற்கே அதில் எழுத வேண்டும் என்பதால் அதுவும் முடியவில்லை.

அடுத்த சிக்கல் மரணம். சோதனைக்காகப் பதிவேடு நிரலைக் கில் கட்டளையால் கொன்றேன். அந்த நொடியில் பூட்டு அதன் கையில் இருந்திருக்கிறது. மற்ற இரண்டும் அந்தப் பூட்டுக்காகக் காத்து அப்படியே நின்றுவிட்டன. கடலில் காணாமல்போன படகின் பெயரில் டோக்கன் நிற்பதைப் போல, இறந்துபோன பிராசஸின் பெயரில் பூட்டு நின்றது. இதற்காகவே ரோபஸ்ட் என்ற வகைப் பூட்டு இருக்கிறது. எந்தெந்தப் பூட்டைப் பிடித்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்குமிடத்தை ஒவ்வோர் இழையும் கெர்னலிடம் தெரிவித்திருக்கும். இழை இறந்தால் கெர்னல் அந்தப் பட்டியலைப் பார்த்து, உரிமையாளர் இறந்தார் என்று பூட்டில் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களில் ஒருவரை எழுப்பும். எழுந்தவருக்குப் பூட்டும் கிடைக்கும், அந்தச் செய்தியும் கிடைக்கும். இறந்தவர் தரவைப் பாதியில் விட்டாரா என்று பார்த்துச் சரிசெய்து, சரியாகிவிட்டது என்று அறிவிக்க வேண்டியது அவர் பொறுப்பு. அறிவிக்காமல் விடுவித்தால் அந்தப் பூட்டு அதன்பின் யாருக்குமே கிடைக்காது. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா வகுத்த செமஃபோரை இங்கே பயன்படுத்தாததற்கும் இதுவே காரணம். அது வெறும் எண்ணிக்கை, அதற்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லாததால் யார் இறந்தார் என்று கெர்னலால் சொல்ல முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பூட்டை நான் கைவிட்டேன். பதிவேடு நிரல் பூட்டைப் பிடித்தபடியே எஸ்டி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது. கார்டு தயங்கியபோதெல்லாம் சென்சார் படிப்பு காத்து நின்றது. நகலெடுத்துக்கொண்டு உடனே பூட்டை விட்டிருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் அதைத் திருத்தும்போதே வேறொன்று தெளிவாயிற்று. எழுதுபவர் ஒருவர்தான் என்றால், அவர் யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. லினக்ஸ் கெர்னல் தன் கடிகாரத்தைக் காக்கப் பயன்படுத்தும் செக்லாக் முறையை எடுத்துக்கொண்டேன். எழுதத் தொடங்கும்போது ஓர் எண்ணை ஒற்றைப்படையாக்குவது, முடித்ததும் இரட்டைப்படையாக்குவது. படிப்பவர் முதலில் எண்ணைப் பார்ப்பார், தரவை நகலெடுப்பார், மீண்டும் எண்ணைப் பார்ப்பார்; ஒற்றைப்படையாக இருந்தாலோ இடையில் மாறியிருந்தாலோ நகலைத் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி படிப்பார். படிப்பவர் எதையும் எழுதுவதில்லை. எனவே இருவருக்கும் படிப்பு உரிமை மட்டும் தர முடிந்தது, இந்த முறை உண்மையான தடுப்பு. எழுதுபவர் ஒற்றைப்படையில் இறந்துபோனால் படிப்பவர் முடிவின்றிச் சுற்றுவார் என்பதால், சில நூறு முறைக்கு மேல் முயலக் கூடாது என்று வரம்பு வைத்தேன். எழுதுபவர் மறுபடி எழும்போது ஒற்றைப்படை எண்ணைக் கண்டால், முழு நிலவரத்தையும் எழுதிய பின்பே அதை இரட்டைப்படையாக்குவார்.

திரை நிரலைப் பைத்தான் மொழியில் எழுதியவன் மாமாவின் மகன். பைத்தான் 3.8-இல் பகிர்ந்த நினைவகத்துக்கென்று ஒரு நிரல்தொகுதி வந்திருக்கிறது, பயன்படுத்த எளிதானது. அவன் திரை நிரலை ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டியபோது, நினைவகப் பொருளே இல்லை என்று பிழை வந்தது. எழுதும் நிரலோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பைத்தானின் வளக் கண்காணிப்பான், தான் உருவாக்காத பொருளையும் தன்னுடையதாகக் கருதி, வெளியேறும்போது அதன் பெயரை அழித்துவிட்டிருக்கிறது. பெயர் அழிந்தாலும் இணைத்து வைத்திருப்பவர்களிடம் பக்கம் உயிரோடு இருக்கும். ஆகவே எழுதுபவர் பெயரற்ற ஒரு பக்கத்தில் நொடிக்கொரு முறை அக்கறையோடு எழுதிக்கொண்டிருந்தார், படிக்க யாருக்கும் வழியில்லை. இதைவிட மோசமானது அடுத்து நடந்தது. மறுபடி எழுந்த பதிவேடு நிரல், பொருள் இல்லையென்றால் உருவாக்கிக்கொள் என்ற குறியோடு திறந்ததால், அதே பெயரில் வெறும் சுழியங்கள் நிறைந்த புதிய பக்கம் ஒன்று பிறந்தது. அன்றைய பதிவேடு முழுவதும் சுழிய டிகிரி. பைத்தான் 3.13-இல் இந்தக் கண்காணிப்பை நிறுத்தும் தேர்வு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் நாங்கள் வேறு வழியில் போனோம்: செக்லாக் படிப்பைச் செய்யும் சிறிய சி நூலகத்தை எழுதி, பைத்தான் அதையே அழைக்கும்படி செய்தோம். ஏஆர்எம் செயலியில் வரிசை காக்கும் கட்டளைகளைப் பைத்தானிலிருந்து நேரடியாகத் தர முடியாது என்பதால் அது எப்படியும் தேவைப்பட்டிருக்கும். பொருளை உருவாக்கும் உரிமையையும் எழுதும் நிரலுக்கு மட்டுமே வைத்தோம்.

பகிர்ந்த நினைவகப் பகுதியின் தொடக்கத்தில் ஓர் அடையாள எண்ணும் பதிப்பு எண்ணும் இருக்கின்றன. அவற்றைச் சேர்ப்பதற்கு முன்பு, இரண்டாவது தொட்டிக்காக நடுவில் ஒரு புலத்தை (தரவுக்கான இடத்தை) சேர்த்துவிட்டு எழுதும் நிரலை மட்டும் மாற்றினேன். பழைய திரை நிரல் தொட்டியின் வெப்பநிலையை கம்ப்ரசரின் அழுத்தம் என்று காட்டியது. நினைவகத்தில் இருப்பவை பைட்டுகள் மட்டுமே, அவற்றுக்குப் பொருள் தருவது இரு நிரல்களும் ஒத்துக்கொண்ட அமைப்பு. இப்போது பதிப்பு எண் பொருந்தாவிட்டால் படிப்பவர் படிக்க மறுத்துவிடுவார். 32 பிட், 64 பிட் கணினிகளில் அளவு மாறும் லாங் போன்ற வகைகளையும் விட்டுவிட்டு, அளவு உறுதியான வகைகளை மட்டுமே பயன்படுத்துகிறேன்.

தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, மாமாவை அருகில் அமர்த்திக்கொண்டு மூன்று நிரல்களையும் மாறி மாறிக் கொன்று காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "மாப்ள, கம்பி அந்துபோச்சுன்னா இது பழைய நம்பரையேல்ல காட்டிக்கிட்டு நிக்கும்?" அவர் கேட்டது சரி. மைனஸ் பத்து என்று உறைந்து நிற்கும் திரை, வெறுமையான திரையைவிட ஆபத்தானது. நிலவரத்தோடு அது எடுக்கப்பட்ட நேரத்தையும் எழுதும்படி அன்றே மாற்றினேன். சுவர்க்கடிகார நேரம் இணையத்தோடு ஒத்திசையும்போது முன்னும் பின்னும் குதிக்கும் என்பதால், கணினி எழுந்ததிலிருந்து பின்னோக்கிப் போகாமல் ஓடும் மோனோடானிக் கடிகாரத்தைப் பயன்படுத்தினேன். அந்தக் கடிகாரம் ஒரே கணினியின் எல்லாப் பிராசஸ்களுக்கும் பொதுவானது. கணினி நின்று எழும்போது அது புதிதாகத் தொடங்கும், பகிர்ந்த நினைவகமும் அப்போது அழிந்திருக்கும் என்பதால், பழைய நேரத்தைப் புதியதென்று நம்பும் வாய்ப்பும் இல்லை. ஐந்து நொடிக்கு மேல் பழையதானால் திரை எண்ணை மறைத்து, தகவல் இல்லை என்று சிவப்பில் காட்டும்.

இப்போது மாமா சாலைக்கு எதிர்ப்புறத்தில் உள்ள கிடங்கின் வெப்பநிலையும் இதே திரையில் வேண்டும் என்கிறார். அங்கே வைக்கப்போவது வேறொரு கணினி. ஒரு கணினியின் பக்க அட்டவணை மற்றொன்றின் ராமைத் தொடாது. அந்த எண்கள் கம்பி வழியாகச் செய்திகளாகத்தான் வர வேண்டும். அவற்றை வாங்கி இங்குள்ள பக்கத்தில் எழுதுவதற்கு நான்காவது பிராசஸ் ஒன்று வரும். அப்போது எழுதுபவர்கள் இருவராகிவிடுவார்கள். இருவரும் ஒரே எண்ணைக் கூட்டினால் செக்லாக் உடைந்துவிடும் என்பதால், கிடங்குக்கென்று தனி எண்ணோடு தனிப் பகுதி ஒன்றை இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.